ஜிம்பாப்வேயின் கல்பறவைகளைக் காணச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஜிம்பாப்வே நாட்டின் கொடியில், வெள்ளை முக்கோணத்துக்குள் சிவப்பு நட்சத்திரத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு பறவை அமர்ந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஓர் ஓவியர் கற்பனையாக வரைந்து கொடுத்த சின்னம் அன்று அது. ஏறத்தாழ அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மாக்கல்லில் செதுக்கப்பட்ட ஓர் உண்மையான சிற்பத்தின் உருவம் அது. அந்தச் சிற்பத்தையும் அதன் உடன்பிறப்புகளான மற்றப் பறவைகள் பலவற்றையும், அவை முன்பு நின்ற குன்றின் அடிவாரத்திலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இன்று நேரில் காணலாம். தென்னாப்பிரிக்காவுக்கோ விக்டோரியா அருவிக்கோ பயணம் திட்டமிடும் தமிழர்கள் இந்த இடத்தை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். முதன்முறையாகச் செல்கிறவர்கள் எதை அறிந்துகொண்டு போக வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், பறவைகளின் முன் நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

தொடக்கத்திலேயே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இந்தப் பறவைகளைத் தனியாகப் பார்த்தால் அவற்றின் பெருமை விளங்காது. பறவை மட்டும் சுமார் 40 சென்டிமீட்டர் உயரம்தான். பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து நேரே அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர்கள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். முதலில் குன்றில் ஏறி, அவை நின்ற இடத்தில் நின்று பார்த்து, அவற்றை எவர் எப்படி எடுத்துச் சென்றார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு இறுதியில் அவற்றின் முன் போய் நிற்பவருக்கே அவை பேசும்.

முதற்படி: புறப்படுமுன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுதல்

பறவைகள் நின்ற இடத்தின் பெயர் கிரேட் ஜிம்பாப்வே. நாட்டுக்கே பெயர் தந்த தொல்நகரம் அது. இன்றைய ஷோனா மக்களின் முன்னோர் 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை இதைக் கட்டி வாழ்ந்தனர். சுற்றிலும் கிடைக்கும் கருங்கல்லைப் பலகைகளாகப் பிளந்து, செங்கல் அளவுக்கு வெட்டி, சுண்ணாம்போ சேறோ எதுவும் பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்கள் இந்நகரின் தனிச்சிறப்பு. இங்கே ஆண்டவர்கள் கால்நடைச் செல்வத்தையும் தங்க வணிகத்தையும் கையில் வைத்திருந்தார்கள். உள்நாட்டுத் தங்கமும் தந்தமும் இந்தியப் பெருங்கடற்கரையில் இருந்த சோபாலாத் துறைமுகம் வழியாக வெளியே சென்றன. அதற்கு ஈடாக வந்த பொருள்களில் சீனப் பீங்கான், பாரசீகக் கிண்ணம், இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த கண்ணாடி மணிகள் ஆகியவை அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இருந்த கில்வா நகரின் சுல்தான் ஒருவர் 14ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட நாணயமும் கிடைத்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகரம் செல்வாக்கு இழந்தது. அதிகாரம் வடக்கே முத்தாப்பா அரசுக்கும் மேற்கே காமி நகருக்கும் நகர்ந்தது.

இந்த வரலாறு இவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டதன்று. 1871ஆம் ஆண்டு இங்கு வந்த ஜெர்மானியப் பயணி கார்ல் மௌக், வாயிலின் குறுக்கே இருந்த மரத்துண்டு ஒன்றை லெபனான் தேவதாரு என்று எண்ணி, இது ஷீபா அரசியின் மாளிகையாக இருக்க வேண்டும் என்று எழுதினார். பின்னால் வந்த குடியேற்ற ஆட்சியினர் பீனீசியர்கள் கட்டினார்கள், அரபியர்கள் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. 1905இல் டேவிட் ராண்டல் மெக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் முறையாக அகழ்ந்து, இது முழுக்க ஆப்பிரிக்கர்களின் படைப்பே என்று நிறுவினார்கள். அதற்குப் பிறகும் ரொடீசிய அரசு (விடுதலைக்கு முன் இந்நாட்டை ஆண்ட வெள்ளையர் ஆட்சி) உண்மையை மறைக்க முயன்றது. தொல்லியல் சின்னங்களின் கண்காணிப்பாளராக இருந்த பீட்டர் கார்லேக், அந்த நெருக்குதலுக்கு இணங்காமல் 1970இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பறவை எப்படித் தேசியச் சின்னமாயிற்று என்பதன் விடை இதற்குள்தான் இருக்கிறது. இந்நகரை ஆப்பிரிக்கர்கள் கட்டவில்லை என்று சொன்ன அதே குடியேற்ற அரசு, 1924இல் தன் அரசுச் சின்னத்தின் உச்சியில் இந்தப் பறவையை வைத்துக்கொண்டது. 1932இல் வெளியிட்ட ஷில்லிங் நாணயத்திலும் பொறித்தது. மறுபுறம், விடுதலை இயக்கங்கள் 1960களின் தொடக்கத்திலேயே ஜிம்பாப்வே என்ற பெயரைத் தம் கட்சிப் பெயர்களில் சூடிக்கொண்டன. 1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை பெற்றபோது பறவை புதிய கொடியில் ஏறியது. அவ்வாண்டு வெளிவந்த நாணயங்களிலும், அடுத்த ஆண்டு ஏற்கப்பட்ட அரசுச் சின்னத்திலும் இடம்பெற்றது. பிறர் பறித்து அணிந்துகொண்ட ஒன்றை உரியவர்கள் மீட்டெடுத்த செயலாகவே இதை அந்நாட்டு மக்கள் கருதுகிறார்கள். அவர்களிடம் பறவையைப் பற்றிப் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: பயண ஏற்பாடுகள்

சென்னையிலிருந்து ஜிம்பாப்வேக்கு நேரடி விமானம் கிடையாது. அடிஸ் அபாபா, துபாய், ஜோகன்னஸ்பர்க் போன்ற ஊர்களில் விமானம் மாறித் தலைநகர் ஹராரேக்குச் செல்ல வேண்டும். விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால், பயணச்சீட்டு எடுக்குமுன் ஜிம்பாப்வே குடிவரவுத் துறையின் இணையதளத்தையோ தூதரகத்தையோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த நாட்டின் வழியாகப் போகிறோம், அங்கு எவ்வளவு நேரம் தங்குகிறோம் என்பதைப் பொறுத்து, போகும்போதோ இந்தியா திரும்பும்போதோ மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம். மலேரியா பற்றியும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரலில் ஜிக் என்ற புதிய நாணயம் அறிமுகமானது என்றாலும் அமெரிக்க டாலர் எங்கும் புழங்குகிறது. ஒன்று, ஐந்து, பத்து டாலர் தாள்களாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தாளை நீட்டினால் மீதிச் சில்லறை கிடைப்பது கடினம்.

ஹராரேயிலிருந்து தெற்கே சுமார் 290 கிலோமீட்டர் தொலைவில் மஸ்விங்கோ என்ற நகரம் இருக்கிறது. சாலைவழியே நான்கு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து தரைவழியாக வருபவர்கள் பெய்ட்பிரிட்ஜ் எல்லையைக் கடந்து, ஏறத்தாழ அதே அளவு தொலைவு வடக்கே வர வேண்டும். மேற்கே உள்ள புலவாயோ நகரிலிருந்தும் தொலைவு அதே அளவுதான். நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்புறமாக வாகனம் ஓட்டுகிறார்கள். வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம். மாடுகளும் விளக்கில்லாத வண்டிகளும் சாலையில் நிற்கும். மஸ்விங்கோவிலிருந்து கிரேட் ஜிம்பாப்வே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. டாக்சியிலும் போகலாம், கொம்பி என்று அவர்கள் அழைக்கும் பங்கு வேனிலும் போகலாம். கொம்பியில் போகிறவர்கள் நெடுஞ்சாலையில் இறங்கிச் சற்று நடக்க வேண்டியிருக்கும்.

மே முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலமே மிகச் சிறந்த பருவம். வானம் தெளிவாக இருக்கும், பகலில் வெயில் இதமாக இருக்கும், காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும் அளவுக்குக் குளிரும். குளிர்காலத்தின் பிற்பகுதியில் மதில்களின் ஓரத்தில் வளர்ந்து நிற்கும் உயரமான கற்றாழைகள் சிவந்த பூங்கொத்துகளை விடும். சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே அந்தச் சிவப்பு கண்ணை நிறைக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அப்போது பாறைப்படிகள் வழுக்கும் என்பதால் வயதானவர்களுடன் வருவோர் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

ஒரு நாள் முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். முந்தைய இரவே மஸ்விங்கோவிலோ தொல்நகருக்கு அருகிலுள்ள விடுதிகளிலோ தங்கிவிட்டால் காலை வெளிச்சத்தில் குன்றேறலாம். ஹராரேயிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்புவது இயலாதது அன்று. ஆனால் அப்படிப் போனவர்கள் குன்றையோ அருங்காட்சியகத்தையோ இரண்டில் ஒன்றை அவசர அவசரமாகத்தான் பார்க்க முடியும்.

மூன்றாம் படி: குன்றின் மேல்

நுழைவாயிலில் சீட்டு வாங்கியதும் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஜிம்பாப்வே தேசிய அருங்காட்சியகங்கள் மற்றும் நினைவுச்சின்னங்கள் துறையே இவ்விடத்தை நிர்வகிக்கிறது; அங்கே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கிடைப்பார்கள். கற்களுக்கு அருகில் விளக்கப் பலகைகள் குறைவு. உடன் ஒருவர் இல்லாவிட்டால் எந்த முற்றம் எது என்றே தெரியாமல் போகும். வழிகாட்டி சொல்வதில் அகழாய்வு நிறுவிய செய்தியும் இருக்கும், தலைமுறை தலைமுறையாக வந்த வாய்மொழி மரபும் இருக்கும். இரண்டும் கேட்கத்தக்கவையே. எது எது என்று பணிவாகக் கேட்டால் அவர்களே பிரித்துச் சொல்வார்கள்.

மேலே செல்லப் பழைய பாதை, புதிய பாதை என்று இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. பழைய பாதை பாறை வெடிப்புகளின் ஊடாக, சில இடங்களில் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கு வழியாக, செங்குத்தாக ஏறுகிறது. முழங்கால் ஒத்துழைக்குமானால் ஏறும்போது பழைய பாதையையும் இறங்கும்போது புதிய பாதையையும் தேர்ந்தெடுங்கள். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே வர முடிகிற அந்த வழியில் நடக்கும்போது, அரசரைக் காண வந்தவர்கள் எத்தகைய மனநிலையில் மேலே வந்து சேர்ந்திருப்பார்கள் என்பது தானாகவே புரியும். தண்ணீர் கையில் இருக்கட்டும். மேலே எதுவும் கிடைக்காது.

மேற்குப் பக்கத்தில் உள்ள பெரிய முற்றம் அரசர் வாழ்ந்த பகுதியாகக் கருதப்படுகிறது. மதில்கள் கூரை தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதை இங்கே கவனியுங்கள். மக்கள் வாழ்ந்த வீடுகள் மதில்களுக்குள்ளே, டாகா என்னும் மண்கலவையால் கட்டப்பட்டு, புல்வேய்ந்த கூரையுடன் இருந்தன. அவை பெரும்பாலும் கரைந்துவிட்டன, கல் மட்டும் நிற்கிறது. மதில்களின் உச்சியில் உள்ள சிறு தூண்களையும் கோபுரங்களையும் வழிகாட்டி காட்டுவார்.

அங்கிருந்து கிழக்கு முற்றத்துக்குச் செல்லுங்கள். பெரும் பாறைகள் இயற்கையாகச் சூழ்ந்து நிற்க, அவற்றுக்கிடையே மதில் எழுப்பி உருவாக்கிய இடம் இது. எட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை இங்குதான் கிடைத்தன. அரசு சார்ந்த வழிபாட்டுச் சடங்குகள் நடந்த இடமாக ஆய்வாளர்கள் இதைக் கருதுகிறார்கள். ஒவ்வொரு பறவையும் ஒரு மீட்டரை எட்டும் உயரமுள்ள கல்தூணின் தலைப்பில், தூணோடு ஒரே கல்லாகச் செதுக்கப்பட்டு, மேடைகளின் மீதும் மதிலோரத்திலும் நட்டு வைக்கப்பட்டிருந்தது. இன்று அங்கே ஒரு பறவையும் இல்லை. ஆயினும் இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். வழிகாட்டியிடம் தூண்கள் எங்கெங்கே நின்றன என்று கேளுங்கள். கீழே அருங்காட்சியகத்தில் காணப்போகும் உருவங்களை இந்தப் பாறைகளின் நடுவே மனத்தால் நிறுத்திப் பார்ப்பதுதான் இப்பயணத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். அருகிலேயே ஒரு குகை உண்டு. அங்கிருந்து எழுப்பும் குரல் கீழேயுள்ள பெருமதில் வரை கேட்கும் என்பது மரபு. குன்றின் மேல் பறவை வடிவில் இயற்கையாகவே அமைந்த பாறை ஒன்றையும் காட்டுவார்கள்.

நான்காம் படி: பள்ளத்தாக்கும் பெருமதிலும்

குன்றிலிருந்து இறங்கியதும் எதிரே தெரிவது பெருமதில் வளாகம். ஷோனா மொழியில் இம்பா ஹுரு என்கிறார்கள். வெளி மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர், உயரம் சில இடங்களில் 11 மீட்டர். மதிலின் மேல்விளிம்பில் கற்களைச் சாய்த்து அடுக்கி உருவாக்கிய வளைவுக்கோடு அலங்காரத்தை வெளியே நின்று பாருங்கள். பிறகு உள்ளே சென்று, இரு மதில்களுக்கு நடுவே வளைந்து செல்லும் குறுகிய நடைவழியில் நடந்து கூம்புக் கோபுரத்தை அடையுங்கள். அந்தக் கோபுரம் உள்ளீடற்றதாக இருக்கும் என்று நம்பிப் புதையல் தேடியவர்கள் ஏமாந்தார்கள்; அது முழுக்கக் கல்லால் நிறைந்தது. தானியக் குதிரின் வடிவில் அரசரின் வளமையையும் ஈகையையும் குறிக்கிறது என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

பள்ளத்தாக்குப் பகுதியில் மதில்கள் சிதைந்து கிடப்பதால் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் கொடியில் உள்ள பறவை குன்றின் மேல் கிடைக்கவில்லை. 1903இல் இந்தப் பள்ளத்தாக்கின் சிதைவுகளில்தான் அது கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தவர் ரிச்சர்ட் நிக்ளின் ஹால். அவருக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. பராமரிப்பாளராக நியமிக்கப்பட்ட அவர், பிற்கால ஆப்பிரிக்கர்களின் குப்பை என்று சொல்லித் தொல்பொருள் அடுக்குகளை அள்ளி வெளியே கொட்டினார். நகரின் கதையைச் சொல்லியிருக்கக்கூடிய சான்றுகள் பல அதோடு அழிந்தன.

எங்கும் மதில்மீது ஏறாதீர்கள், சாயாதீர்கள், ஒரு சிறு கல்லைக்கூட இடம் மாற்றாதீர்கள். பூச்சில்லாத கட்டுமானத்தில் ஒவ்வொரு கல்லும் மற்றொன்றின் எடையால் மட்டுமே நிற்கிறது. ஒரு கல் நகர்ந்தால் சில மழைக்காலங்களில் மதிலில் புடைப்பு தோன்றி அந்தப் பகுதியே சரிந்துவிடும். 1986இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த இந்நகரைப் பேணும் கல்தச்சர்களின் வேலையை நாம் கூட்டிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: பறவைகளின் முன்

இப்போது அருங்காட்சியகத்துக்குள் செல்லுங்கள். படமெடுக்கலாமா என்று முதலில் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். அந்த மக்களுக்கு இவை முன்னோரோடு தொடர்புடைய புனிதப் பொருள்கள். நம்மூர்க் கருவறையில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி நடந்துகொண்டால் போதும்.

முதலில் கல்லைப் பாருங்கள். மதில்கள் கருங்கல், பறவைகள் மாக்கல். நம் வீடுகளில் கல்சட்டி செய்யப் பயன்படுவதும் இவ்வகைக் கல்தான் என்பதால் அதன் மென்மையும் வழவழப்பும் நமக்குத் தெரியும். இரும்புக் கருவியால் எளிதில் செதுக்கலாம். ஆனால் எளிதில் கீறலும் விழும். நூற்றாண்டுக் கணக்கில் வெட்டவெளியில் நின்றும் இவ்வளவு வடிவம் எஞ்சியிருப்பது வியப்புக்குரியது.

அடுத்து அலகையும் கால்களையும் பாருங்கள். சில உருவங்களில் அலகுக்குப் பதிலாக உதடு இருக்கிறது. நகங்களுக்குப் பதிலாக மனிதக் கால்விரல்கள் போன்றவை இருக்கின்றன. ஆக, செதுக்கியவர்கள் ஒரு பறவையை அப்படியே நகல் எடுக்கவில்லை; பறவையும் மனிதரும் கலந்த ஒன்றை உருவாக்கினார்கள். ஷோனா மரபில் இறந்த அரசர்களின் ஆவி மக்களுக்காக இறைவனிடம் பரிந்து பேசும். உயரப் பறக்கும் கழுகு இரு உலகங்களுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும். இந்த இரண்டு எண்ணங்களையும் இணைத்து, ஒவ்வொரு பறவையும் ஒரு மூதாதை அரசரையோ அரச குலத்தவரையோ குறித்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எல்லாம் ஒன்றுபோல் இல்லை என்பதையும் காணுங்கள். சில கால்மடக்கி அமர்ந்திருக்கின்றன, சில நிமிர்ந்து நிற்கின்றன.

கொடியில் உள்ள பறவையைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் தூணில் முதலை ஒன்று மேல்நோக்கி ஏறுவது போலச் செதுக்கப்பட்டிருக்கும். கொடியில் முதலை இல்லாததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதி மரபுகள் பலவற்றில் முதலை அரசரோடு தொடர்புடையது என்பதால், இங்கே அரசரும் அவருடைய முன்னோரும் ஒரே தூணில் இடம்பெற்றிருப்பதாகவும் கொள்ளலாம்.

பிறகு தூண்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிலவற்றில் கல் முறிந்திருக்கும். அந்த முறிவுகளின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1889இல் வில்லி போசெல்ட் என்ற வேட்டைக்காரர் குன்றின்மேல் ஏறிப் பறவைகளைக் கண்டார். உள்ளூர்த் தலைவரும் அவருடைய ஆட்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மறுநாள் சில போர்வைகளையும் வேறு பொருள்களையும் கொடுத்து ஒரு பறவையை எடுத்துக்கொண்டார். முழுத்தூணும் சுமக்க முடியாத எடை என்பதால் அடிப்பகுதியை வெட்டிவிட்டார். அந்தப் பறவை, ரொடீசியா என்ற பெயருக்கே காரணமான ஆங்கிலேயக் குடியேற்றத் தலைவர் செசில் ரோட்ஸின் கைக்குப் போய், கேப் டவுனில் அவருடைய குரூட் ஷூர் மாளிகையை அடைந்தது. 1891இல் ரோட்ஸின் ஆதரவோடு வந்த ஆங்கிலேயப் பயணி தியோடர் பென்ட் மேலும் பல பறவைகளை எடுத்துச் செல்ல, அவை கேப் டவுன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. இன்னொரு பறவையின் கீழ்ப்பாதி ஒரு ஜெர்மானிய மதபோதகர் வழியாக 1907இல் பெர்லின் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது.

அவை திரும்பி வந்த வழி இன்னும் நீண்டது. விடுதலைக்கு அடுத்த ஆண்டான 1981இல், கேப் டவுன் அருங்காட்சியகத்தில் இருந்தவற்றைத் தென்னாப்பிரிக்கா திருப்பித் தந்தது. ஆனால் சும்மா தரவில்லை. புலவாயோ அருங்காட்சியகத்தில் இருந்த தேனீ, குளவி, எறும்பு இனப் பூச்சிகளின் பெரும் சேகரிப்பைப் பதிலுக்குப் பெற்றுக்கொண்டது. தன் முன்னோரின் சிற்பங்களைப் பெற ஒரு நாடு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ரோட்ஸின் மாளிகையில் இருந்த பறவை, அவருடைய உயிலில் சொல்லப்பட்ட கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அந்தப் பரிமாற்றத்தில் சேர்க்கப்படவில்லை. பெர்லினில் இருந்த கீழ்ப்பாதி, இரண்டாம் உலகப்போரின் முடிவில் சோவியத் படையினரால் லெனின்கிராடுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்பு கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பி, இறுதியாக 2003இல் ஜிம்பாப்வேயை அடைந்தது. இரண்டாகப் பிரிந்த அப்பறவையின் பாதிகள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஒன்றாயின. நம் கோயில்களிலிருந்து திருடுபோய் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நின்ற நடராசர் திருமேனிகள் சில நம் காலத்தில் மீண்டு வந்ததை அறிந்த நமக்கு இந்தச் செய்தியின் ஆழத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: உயிருள்ள பறவைகளைத் தேடுதல்

சிற்பம் எந்தப் பறவையைக் குறிக்கிறது என்பதில் இரண்டு கருத்துகள் வலுவாக உள்ளன. ஒன்று, ஷோனா மொழியில் சாபுங்கு எனப்படும் குட்டைவால் கழுகு. மற்றொன்று, ஹுங்வே எனப்படும் ஆப்பிரிக்க மீன்கழுகு. ஹுங்வே சில குலங்களின் குலச்சின்னமாகவும் இருக்கிறது. சாபுங்கு நல்ல நிமித்தமாகவும் முன்னோரின் தூதாகவும் மதிக்கப்படுகிறது. நேரம் இருப்பவர்கள் இரண்டையும் நேரில் பார்த்துத் தாமே ஒப்பிடலாம். மீன்கழுகைக் காணத் தொலைவு போக வேண்டியதில்லை. தொல்நகருக்கு அருகிலேயே உள்ள முத்திரிக்வி ஏரியின் கரையில் வெண்ணிறத் தலையும் கழுத்தும் கொண்டு அது மரக்கிளையில் அமர்ந்திருக்கும், தலையைப் பின்னுக்குச் சாய்த்து உரத்த குரலில் கூவும். சாபுங்குவைப் பார்க்கத் தென்கிழக்கே கொனரெஸௌ தேசியப் பூங்காவுக்கோ மேற்கே மத்தோபோ குன்றுகளுக்கோ செல்ல வேண்டும். கரிய உடல், சிவந்த முகமும் கால்களும், வால் இருக்கிறதா என்று ஐயுறும் அளவுக்குக் குட்டையான வால், பறக்கும்போது இறக்கையை இப்புறமும் அப்புறமும் சாய்த்துச் சாய்த்துச் செல்லும் பாங்கு ஆகியவற்றால் அதை எளிதில் அடையாளம் காணலாம். இது இன்று அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கால்மடக்கி அமர்ந்த சிற்பத்தின் திரண்ட உடலையும் குறுகிய கழுத்தையும் நினைத்துப் பார்த்தால் எனக்குச் சாபுங்குவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் ஹுங்வே குலத்தவர் ஒருவரிடம் இதை வாதிடப் போகாதீர்கள்.

பழகும் முறையும் வாங்கும் பொருளும்

காலையில் சந்திப்பவர்களிடம் “மங்வனானி” என்றும், நன்றி சொல்லும்போது “ததெண்டா” என்றும் சொல்லுங்கள். நேரே விஷயத்துக்கு வராமல் முதலில் நலம் விசாரிப்பது அங்கு மரியாதை. ஒரு பொருளைப் பெறும்போது இரு கைகளாலும் பெறுங்கள். நன்றியின் அடையாளமாக மெல்லக் கைதட்டுவதையும் காண்பீர்கள். கொடியை அவமதிக்கும்படி எதுவும் செய்யாதீர்கள். அது சட்டப்படி குற்றம். தலைநகரில் அரசுக் கட்டடங்களையும் காவலர்களையும் படமெடுக்க வேண்டாம்.

தொல்நகரின் அருகிலும் சாலையோரத்திலும் பறவையின் பிரதிகளைச் சிற்பிகள் விற்பார்கள். மாக்கல்லில் செய்தவை இளஞ்சாம்பல், வெளிர்பச்சை நிறங்களில் இருக்கும். நகத்தால் கீறினாலே தடம் விழும். சர்ப்பன்டைன் என்ற கல்லில் செய்தவை கருமையும் கடினமும் கூடியவை, விலையும் கூடுதல். மரத்தில் செய்தவையும் உண்டு. இந்தியச் சுங்கத்தில் மரப்பொருள்களுக்குக் கேள்வி எழலாம் என்பதால் கல்லையே நான் பரிந்துரைப்பேன். பேரம் பேசலாம், ஆனால் ஒரு சிற்பியின் ஒரு நாள் உழைப்பு கையில் இருக்கிறது என்ற எண்ணத்தோடு பேசுங்கள். தூணும் முதலையும் சேர்த்துச் செதுக்கிய பிரதி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான சிற்பிகள் பறவையை மட்டும் செய்து, அடியில் ஒரு தட்டைப் பீடம் வைத்துவிடுகிறார்கள். எவரேனும் இது உண்மையான பழம்பொருள் என்று சொல்லி எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். பழம்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது சட்டவிரோதம். பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் எடை ஏமாற்றும் என்பதால் விமானப் பையின் எடை வரம்பைக் கணக்கிட்டு, துணியில் சுற்றி, அலகும் வாலும் அழுந்தாதபடி பெட்டியின் நடுவில் வையுங்கள்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால் மேற்கே புலவாயோவுக்குப் போய்க் காமி தொல்நகரத்தைப் பாருங்கள். கிரேட் ஜிம்பாப்வே செல்வாக்கு இழந்த பின் எழுந்த தலைநகரம் அது; இதைப் போலவே 1986இல் உலக மரபிடமானது. அங்கே மதில்கள் தனித்து நிற்பதில்லை, மேடைகளைத் தாங்கும் படிப்படியான சுவர்களாக மாறியிருக்கின்றன. கூட்டமும் குறைவு என்பதால் பிற்பகல் நேரமே அதற்குப் போதும்.